வேரைத் தோண்டுவதா, விட்டுவைப்பதா? ரீயூனியன் சரிவுகளில் வெட்டிவேர்

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்கு உரிய ரீயூனியன் தீவின் தென்பகுதியில், சேன்-பியேர், பெத்தித்-ஈல், சேன்-ஜோசப் ஆகிய ஊர்களுக்கு மேலே ஏறிச் செல்லும் மலைச்சரிவுகளில், கரும்போடும் ஜெரேனியத்தோடும் சேர்ந்து பல தலைமுறைக் குடும்பங்களுக்குப் பணம் தந்த பயிர் வெட்டிவேர். அதன் வேரிலிருந்து வடித்த எண்ணெய், தீவின் பழைய பெயரைத் தாங்கி, 'பூர்போன் வெட்டிவேர்' என்று பிரான்சின் கிராஸ் நகர வாசனைத் திரவியத் தொழிலில் தனி மதிப்புப் பெற்றிருந்தது. இன்று அந்தத் தோட்டங்களில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. ஆனால் புல் போகவில்லை. கரும்பு வயலின் ஓரத்திலும், ஓடைக் கரையிலும், மலைப்பாதை வெட்டப்பட்ட இடங்களிலும் ஆளுயரத்துக்குக் குத்துக் குத்தாக அது நிற்பதைக் காணலாம். தமிழ்ப் பெயரையே பிரெஞ்சும் தீவின் பேச்சுமொழியான கிரெயோலும் எடுத்துக்கொண்டிருப்பதால் இங்கே யாருக்கும் அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

இந்தப் புல்லுக்கு இரண்டு பயன்கள் உண்டு. ஒன்றைப் பெற்றால் மற்றொன்றை இழக்க நேரிடும் என்பதுதான் அதன் கதையில் கவனிக்கப்படாத பகுதி. மணம் வேண்டுமானால் செடியை அடியோடு பெயர்த்தெடுக்க வேண்டும். மண்ணைக் காக்க வேண்டுமானால் அதே செடியைத் தொடாமல் விட வேண்டும். சமவெளியில் இது பெரிய முரண்பாடாகத் தோன்றாது. ரீயூனியன் போன்ற எரிமலைத் தீவில், செங்குத்தான சரிவில், இதைவிடப் பெரிய கேள்வி இந்தப் பயிரைப் பற்றிக் கிடையாது.

வெட்டிவேர் பல்லாண்டு வாழும் புல். 1771இல் லின்னேயஸ் அதை வேறொரு பேரினத்தில் வைத்துப் பெயரிட்டார். நெடுங்காலம் வெட்டிவேரியா சிசனியாய்டிஸ் என்று வழங்கி, இப்போது கிரைசோபோகன் சிசனியாய்டிஸ் என்று தாவரவியலார் குறிப்பிடுகின்றனர். தாயகம் இந்தியத் துணைக்கண்டம். இயற்கையில் அது ஆற்றுப்படுகை, ஏரிக்கரை, வெள்ளம் வந்து வடியும் தாழ்நிலம் போன்ற ஈரமான இடங்களையே நாடும். கங்கைச் சமவெளியிலும், ராஜஸ்தானின் பரத்பூர் சதுப்புநிலத்திலும் காட்டுச் செடியாகவே அது பரந்து வளர்கிறது. வேரினுள் காற்று செல்லும் இடைவெளிகள் இருப்பதால் வாரக்கணக்கில் நீரில் நின்றாலும் அழுகுவதில்லை. வேர் மிக ஆழம் செல்வதால் மாதக்கணக்கில் மழை பொய்த்தாலும் காய்வதில்லை. வெள்ளத்தையும் வறட்சியையும் ஒரே செடி தாங்குவது அபூர்வம். அதற்குத் தாங்காத ஒன்று உண்டென்றால் அது நிழல். மரத்தடியில் நட்ட இளஞ்செடி மெலிந்து, தூர் கட்டாமல், இரண்டொரு ஆண்டில் மறைந்துபோகும். பலருடைய வெட்டிவேர் வேலி தோற்பதற்கு மண்ணைவிட மரமே காரணம் என்பது என் எண்ணம்.

பெரும்பாலான புற்களின் வேர் பக்கவாட்டில் பரவும். வெட்டிவேரின் வேர் நேர் கீழே இறங்கும். நல்ல மண்ணில் முதல் ஆண்டிலேயே 3 மீட்டர் ஆழத்தைத் தொட்டுவிடும். மெல்லிய நூல்போலத் தெரியும் அந்த வேரின் இழுவலிமை சராசரியாக 75 மெகாபாஸ்கல் என்று அளந்திருக்கிறார்கள். அதாவது சாதாரண இரும்புக் கம்பியின் வலிமையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. மண்ணுக்கு மேலே தாள்கள் ஒன்றோடொன்று நெருங்கி, விறைப்பாக, ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரம் நிற்கும். பூங்கொத்து ஊதா நிறத்தில் எழும். தரைக்கடியில் ஓடிப் பரவும் தண்டோ, தரைமேல் ஊர்ந்து வேர்விடும் கொடியோ அதற்கு இல்லை. நட்ட இடத்தில் பருக்குமே தவிரப் பக்கத்து வயலுக்கு நடந்து போகாது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வட இந்தியாவில் காடாக வளரும் வகை பூத்து, முளைக்கும் விதை தருவது. தென்னிந்தியாவில் நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டு உலகெங்கும் சென்ற வகையோ, பூத்தாலும் முளைக்கக்கூடிய விதை தருவதில்லை. தூரைப் பிரித்து நட்டால்தான் உண்டு. எண்ணெயிலும் இந்த வேறுபாடு தெரியும். வட இந்தியக் காட்டு வேரின் எண்ணெய், தன்னூடே செல்லும் ஒளியின் அதிர்வுத் தளத்தை இடப்பக்கமாகத் திருப்பும்; தென்னிந்திய, ரீயூனியன், ஜாவா எண்ணெய்கள் வலப்பக்கமாகத் திருப்பும். 1990களின் இறுதியில் பல நாடுகளிலிருந்து திரட்டிய செடிகளின் மரபணுவை ஒப்பிட்டபோது, தெற்காசியாவுக்கு வெளியே பயிரிடப்படுவதில் பெரும்பகுதி ஒரே செடியின் படிவங்கள் என்று தெரியவந்தது. விதையில்லாமல் கைமாறிக் கைமாறிக் கண்டங்களைக் கடந்த பயிருக்கு இது எதிர்பார்க்கக்கூடியதே. ஆயினும் ஒரு நோய் வந்தால் எல்லா நாட்டு வேலிகளும் ஒரே நேரத்தில் விழும் ஆபத்தும் இதில் அடங்கியிருக்கிறது.

ரீயூனியனைப் பொறுத்தவரை விதையின்மை பெரும் நன்மை. இந்தத் தீவின் காடுகள் வெளியிலிருந்து வந்த செடிகளால் பெரிதும் பாதிக்கப்பட்டவை; சிவப்புக் கொய்யாவும் முட்கொடிகளும் உள்நாட்டு மரங்களை நெருக்கித் தள்ளிய இடங்களை மலைப்பாதைகளில் நடப்பவர் எவரும் பார்த்திருப்பர். 2007இல் தேசியப் பூங்காவும், 2010இல் யுனெஸ்கோ உலக மரபுத் தகுதியும் கிடைத்த ஒரு நிலப்பரப்பின் விளிம்பில், தானாகப் பரவாத புல்லை நடுவதில் அச்சத்துக்கு இடம் குறைவு. ஆகவே இணையத்தில் 'வெட்டிவேர் விதை' என்று விற்பனைக்கு வருவதை வாங்கவே கூடாது. ஒன்று அது வெறும் பதராக இருக்கும். அல்லது முளைக்கும் வகையாக, நாளை களையாக மாறக்கூடியதாக இருக்கும். வெளிநாட்டுச் செடிகளை அனுமதியின்றித் தீவுக்குள் கொண்டுவருவதும் சட்டப்படி குற்றம். ஊருக்கு விடுமுறையில் போய்வருகிறவர்கள் பெட்டியில் இரண்டு நாற்றைச் செருகிக்கொண்டு வரும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. இங்கே கிடைக்கும் செடியே நம்மூர் வகைதான்.

தமிழகத்தில் வெட்டிவேரை நாம் அறிந்தது பெரும்பாலும் வேராக மட்டுமே. மண்பானைத் தண்ணீரில் போடுவது, சன்னலில் தட்டியாகக் கட்டி நீர் தெளிப்பது, குளியல் பொடியில் அரைப்பது, விசிறியாகவும் மாலையாகவும் பின்னுவது என்று எல்லாமே வேர் சார்ந்தவை. செடியை நேரில் பார்த்திராத தமிழர் ஏராளம். ரீயூனியனின் பழைய கிரெயோல் வாழ்க்கையில் தோகைக்கும் சம மதிப்பு இருந்தது. மலைக் குடியிருப்புகளில் வீட்டுக் கூரையை வெட்டிவேர்த் தாள் கொண்டு வேய்ந்தார்கள். சுவருக்கும் அதையே கற்றை கற்றையாகக் கட்டினார்கள். தாளில் பூச்சி எளிதில் ஏறாது என்பதும், தடித்து வேய்ந்தால் குளிர்காலத்தில் மலைக்காற்றைத் தடுக்கும் என்பதும் காரணங்கள். தொப்பியும் கூடையும் பின்னுவதுண்டு. வேர்க்கட்டைத் துணி அலமாரியில் மடிப்புகளுக்கிடையே வைக்கும் வழக்கமோ இன்றும் கிரெயோல் வீடுகளில் உள்ளது. ஞாயிற்றுக்கிழமைச் சட்டைக்கு அந்த வாசனை இருந்தே ஆக வேண்டும் என்று நினைக்கும் பாட்டிமார்கள் இருக்கிறார்கள்.

இத்தீவின் தமிழ் வழியினர், இங்கே 'மல்பார்' என்று அழைக்கப்படுவோர், 1828 முதற்கொண்டும், 1848இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபின் பெருந்தொகையாகவும், ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர். 1882இல் ஆள் அனுப்புவதைப் பிரிட்டிஷ் இந்திய அரசு நிறுத்தும்வரை புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. அந்தப் புதுச்சேரியை அடுத்திருக்கும் கடலூர்க் கடலோர மணற்பகுதியில்தான் இன்று தமிழகத்தின் குறிப்பிடத்தக்க வெட்டிவேர்ச் சாகுபடி நடைபெறுகிறது என்பதை ஒரு தற்செயல் ஒற்றுமையாக மட்டும் குறித்துக்கொள்ளலாம். தைப்பூசக் காவடிக்கு முந்தைய வாரங்களில் இங்குள்ள பூசைப் பொருள் கடைக்குப் போனால், சென்னையிலிருந்து வந்த பிளாஸ்டிக் பொட்டலத்தில் ஒரு கைப்பிடி உலர்ந்த வெட்டிவேர் யூரோ விலையில் தொங்கும். கடையிலிருந்து பத்து நிமிடம் வண்டி ஓட்டினால் அதே வேர் ஓடைக் கரையில் மண்ணுக்குள் இருக்கிறது. இதைச் சொன்னால் பெரும்பாலோர் நம்புவதில்லை. பொட்டலத்தில் வருவதே சாமிக்கு உகந்தது என்ற எண்ணம் எளிதில் போகாது.

எண்ணெய்க்காகப் பயிரிடும் முறையைப் பார்ப்போம். முற்றிய குத்தைத் தோண்டி, வேரைக் கத்தரித்து, இரண்டு மூன்று சிம்புகள் ஒட்டியிருக்கும்படி பிய்த்து, தோகையை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டினால் நாற்றுத் தயார். மழை தொடங்கும் பருவத்தில், அதாவது இங்கே நவம்பர், டிசம்பரில், அரை மீட்டர் அளவுக்கு இடைவெளி விட்டு நடுவார்கள். உரம் அதிகம் கேட்காது. பூச்சித் தொல்லையும் குறைவு. வேர் பருத்து எண்ணெய் முதிர்வதற்கு ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை ஆகும். அவசரப்பட்டு ஓராண்டுக்குள் தோண்டினால் கிடைக்கும் எண்ணெய் நிறம் வெளுத்து, பச்சை வாசனை மிகுந்து, விலை போகாது. கடலூர் மணலில் வேர் எளிதாக உருவிக்கொண்டு வரும். இறுகிய எரிமலை மண்ணிலோ கடப்பாரையும் கொத்தும் கொண்டு குத்தைச் சுற்றிலும் அகழ்ந்து, புரட்டிப் போட்டு, மண்ணை உதறி எடுக்க வேண்டும். ஒரு குத்தைப் பெயர்த்தால் அது நின்ற இடத்தில் அண்டா அளவுக்குக் குழி விழும். உதறிய மண் பொலபொலவென்று அந்தக் குழிக்குள்ளும், சரிவில் கீழேயும் கிடக்கும். இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் சொல்லப்போகும் அனைத்தும் இதிலிருந்துதான் வருகின்றன.

எடுத்த வேரைக் கழுவி, நிழலில் உலர்த்தி, துண்டுகளாக நறுக்கி, வாலை என்னும் வடிகலத்தில் இட்டு நீராவியால் வடிப்பார்கள். ஜெரேனியத் தழையை ஓரிரு மணி நேரத்தில் வடித்துவிடலாம். ஆகவே அதற்குத் தோட்டத்து மூலையில் ஒரு செம்பு வாலையே போதுமாயிருந்தது. வெட்டிவேரின் மணப்பொருள்கள் கனமானவை, எளிதில் ஆவியாகாதவை. 15 மணி நேரம், 24 மணி நேரம், சில வேளை அதற்கும் மேல் நீராவி செலுத்த வேண்டும். விறகோ எண்ணெயோ எரிபொருளாக ஏராளம் தேவைப்படும். வடிந்த எண்ணெயின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்தியே என்பதால், ஒரு பகுதி மிதக்க, ஒரு பகுதி மூழ்க, பிரித்தெடுப்பதும் தொல்லை. இத்தனைக்கும் பிறகு 100 கிலோ உலர்வேரில் 1 முதல் 2 கிலோ எண்ணெய் கிடைத்தால் நல்ல விளைச்சல்.

ஆனாலும் வாங்க ஆள் இருக்கிறார்கள். கூசிமால், ஆல்ஃபா வெட்டிவோன், பீட்டா வெட்டிவோன் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட சேர்மங்கள் கலந்த எண்ணெய் அது. அந்த முழுக் கலவையைச் செயற்கையாகச் செய்து மலிவாக விற்கும் வழி இதுவரை அமையவில்லை. மெல்ல ஆவியாவதால் மற்ற வாசனைகளைத் தோலில் நெடுநேரம் பிடித்து வைக்கும் அடிச்சரக்காகவும் அது பயன்படுகிறது. ஆண்களுக்கான பல விலையுயர்ந்த வாசனைத் திரவியங்களின் முதுகெலும்பு இந்த வேர்தான்.

அப்படியிருந்தும் ரீயூனியனில் சாகுபடி சுருங்கியதற்கு முதற்காரணம் கூலி. 1946இல் தீவு பிரான்சின் ஒரு மாவட்டமாக ஆனபின், படிப்படியாகப் பிரெஞ்சுச் சம்பளமும் சமூகப் பாதுகாப்பும் வந்தன, அது நல்லதே. ஆனால் இயந்திரம் புகாத சரிவில், ஒவ்வொரு குத்தையும் ஆள் தோண்டியெடுக்க வேண்டிய பயிர், கரீபியன் நாடான ஹெய்ட்டியின் லெ-காய் வட்டாரத்துச் சிறு விவசாயியின் விலையோடும், மேற்கு ஜாவாவின் காருத் பகுதி விலையோடும் போட்டியிட முடியவில்லை. ஐரோப்பிய ஆதரவு விலை இருந்த கரும்பு பாதுகாப்பான பயிராகத் தெரிந்தது. லெ தாம்ப்பொனில் இயங்கிய எண்ணெய்க் கூட்டுறவுச் சங்கம் ஜெரேனிய எண்ணெயையும் வெட்டிவேர் எண்ணெயையும் சேகரித்து விற்று வந்தாலும், வருந்தோறும் அளவு குறைந்தது. இன்று உலகச் சந்தையில் பாதிக்கு மேல் தருவது ஹெய்ட்டி.

இரண்டாம் காரணம் குறைவாகவே பேசப்படுகிறது: மண். சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். ரீயூனியனின் ஃபோக்-ஃபோக் என்னுமிடத்தில் 1966 ஜனவரி 7, 8 தேதிகளில், 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. உலகச் சாதனையாக இன்றும் அது நிற்கிறது. 2007 பிப்ரவரியில் கமேட் புயலின்போது, தென்பகுதி மலைமேலுள்ள கொம்மெர்சோன் எரிமலைவாயில் மூன்று நாள்களில் 3,930 மில்லிமீட்டர் பதிவாகியது. இப்படிப்பட்ட வானத்தின்கீழ், சரிவு முழுவதும் குழி தோண்டி, மண்ணை உதறி, அடுத்த நடவுவரை வெறுமையாக விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. ஹெய்ட்டியிலும் ஜாவாவிலும் வேர்த் தோண்டலால் மலைச்சரிவுகள் அரிக்கப்படுவது அறியப்பட்ட பிரச்சினை. மண்ணரிப்பைத் தடுப்பதில் உலகப் புகழ் பெற்ற புல், மண்ணரிப்புக்குக் காரணமாகவும் ஆவது இந்தத் தோண்டலால்தான்.

அந்தப் புகழ் எங்கிருந்து வந்தது? மைசூருக்குத் தெற்கே குண்டலுப்பேட்டைப் பகுதி விவசாயிகள் வெட்டிவேரை வயல் எல்லையாகத் தலைமுறை தலைமுறையாக நட்டுவந்தனர். 1950களில் பிஜித் தீவின் கரும்புச் சரிவுகளில் வேளாண் வல்லுநர் ஜான் கிரீன்ஃபீல்டு அதை மண்காப்பு வேலியாக்கினார். 1980களில் உலக வங்கியின் பணிக்காக இந்தியா வந்த அவரும் ரிச்சர்ட் கிரிம்ஷாவும் இந்த முறையைப் பல நாடுகளுக்கும் எடுத்துச்சென்றனர். 1993இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றமும் இதை ஆராய்ந்து விரிவான அறிக்கை வெளியிட்டது.

வேலி வேலை செய்யும் விதம் எளியது. சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் செல்லும் கோட்டில், 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நாற்றுகளை ஒற்றை வரிசையாக நட வேண்டும். இரண்டு மழைப் பருவத்தில் தூர்கள் ஒட்டிச் சேர்ந்துவிடும். மேலிருந்து ஓடிவரும் நீர் அந்தத் தாள்களிடையே வடிகட்டப்பட்டு, வேகம் இழந்து, சுமந்துவந்த மண்ணை வேலிக்குப் பின்னால் போட்டுவிட்டு மெல்லக் கசியும். மண் சேரச் சேரச் செடி அதற்கேற்பப் புதுக் கணுக்களில் வேர்விட்டு மேலேறும்; சில ஆண்டுகளில் யாரும் கட்டாத படிவரப்பு உருவாகியிருக்கும். வேர் கீழ்நோக்கியே செல்வதால் பக்கத்துக் கரும்போடு அதிகம் போட்டியிடாது. ஆனால் நடுவில் ஒரு நாற்று பட்டுப்போய் உள்ளங்கை அகலத்துக்கு இடைவெளி விழுந்தாலும், தேங்கிய நீரெல்லாம் அதன் வழியே பீறிட்டு வேலி இல்லாததைவிட ஆழமாக அரித்துவிடும். முதல் ஆண்டில் சுற்றிப் பார்த்துப் பட்டுப்போன இடத்தில் மறுநடவு செய்யாதவர்கள்தான் பிறகு 'இந்தப் புல் பயனில்லை' என்று சொல்கிறார்கள்.

வேறு சில உதவிகளும் உண்டு. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை அரை மீட்டர் உயரத்துக்குக் கத்தரித்தால் கிடைக்கும் தோகை, மண்மேல் பரப்புவதற்கு நல்ல மூடாக்கு. மெதுவாக மக்குவதால் காய்கறிப் பாத்தியில் நெடுநாள் நிற்கும். இளந்தோகையை மாடு தின்னும், முற்றியதைச் சீண்டாது. தென்னாப்பிரிக்காவில் செய்த ஆய்வுகளில், மக்காச்சோளத் தண்டுத் துளைப்பானின் அந்துப்பூச்சி மக்காச்சோளத்தைவிட வெட்டிவேரில் முட்டையிட விரும்புவதும், பொரித்த புழு அதில் பிழைக்க முடியாமல் மடிவதும் தெரியவந்தன. கழிவுநீரிலுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துகளை உறிஞ்சவும், கன உலோகம் கலந்த சுரங்க மண்ணை மூடவும் பல நாடுகளில் இதை நடுகிறார்கள்.

எண்ணெயையும் மண்ணையும் ஒருசேரப் பெற வழியே இல்லையா என்றால், ஓரளவு உண்டு. நிரந்தர வேலி வரிசைகளைத் தொடாமல் விட்டு, அவற்றுக்கிடையிலுள்ள பட்டைகளில் மட்டும் வேர்ப்பயிர் வைத்து, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோண்டலாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை நீளும் புயல் பருவத்தில் கடப்பாரையைத் தொடாமல், மே முதல் செப்டம்பருக்குள் தோண்டி முடித்து, குழியை அன்றே மூடி, மூடாக்குப் போட்டு, கழித்தெடுத்த சிம்புகளையே மறுநடவு செய்யலாம். பூசைக்கும் குளியல் பொடிக்கும் கொஞ்சம் வேர் வேண்டுவோர், தமிழக விவசாயிகள் சிலர் செய்வதுபோல, மணல் கலந்த மண் நிரப்பிய உயரமான பைகளில் வளர்த்து, ஒன்றரை ஆண்டு கழித்துப் பையைக் கிழித்து எடுத்துக்கொள்ளலாம். சரிவில் ஒரு குழியும் விழாது. வணிக அளவில் இது ரீயூனியனின் பழைய எண்ணெய்த் தொழிலை மீட்டுவிடும் என்று நான் நினைக்கவில்லை. விலையும் கூலியும் சேர்ந்து அந்தக் கதவை மூடிவிட்டன. ஆனால் வேலியாக நிற்பதற்கு ஹெய்ட்டியோடு போட்டியிட வேண்டியதில்லை.

தொடங்குவதற்குப் பெரிய முதலீடும் வேண்டாம். நன்கு பருத்த பழைய குத்து ஒன்று 30, 40 நாற்று தரும். 15 சென்டிமீட்டர் இடைவெளியில் 10 மீட்டர் வேலிக்கு ஏறத்தாழ 70 நாற்று போதும். நில உரிமையாளரைக் கேட்டு, ஓடைக் கரையின் விளிம்பில் நிற்கும் குத்துகளை விட்டு, சமதளத்தில் நிற்பவற்றிலிருந்து எடுக்க வேண்டும். நட்ட முதல் ஆறு வாரம் மண் காயாமல் நீர் விட வேண்டும். முதல் மழைப் பருவம் முடியும்வரை களையெடுக்க வேண்டும். ஓங்கி வளரும் களைகளின் நிழல் விழாமல் பார்த்துக்கொண்டால் அடுத்த புயல் பருவத்துக்குள் வேலி பாதி மூடியிருக்கும்.